மூச்சுக் காவல்

“என்னங்க, எந்திரிங்க! எந்திரிங்கன்னா! அலாரம் அடிக்குது!”

மனைவி தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் பஸ் டிரைவர் அலறியடித்துக்கொண்டு எழுந்தான். காலில் சிக்கிய போர்வையை உதறிவிட்டு ஹாலுக்கு ஓடினான். தொட்டிலில் மகன், வாயோரம் பால் காய்ந்திருக்க, ராஜா மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். சின்ன வயிறு ஒழுங்காக ஏறி இறங்கியது.

“நல்லாத்தானே மூச்சு விடுறான்?”

“ஆமாங்க. இப்ப சரியாயிடுச்சு” என்றபடி அவள் போனில் எதையோ அழுத்தினாள். அலாரம் நின்றது.

மணி காலை பதினொன்றரை. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, அவன் கண்ணை மூடி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது இரண்டாவது தடவை.

அந்தக் கருவியை வாங்கியவன் அவனேதான். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. ‘தூங்கும்போது மூச்சைக் கவனிச்சுக்குங்க’ என்று டாக்டர் சொன்ன அன்றே கடைக்கு ஓடினான். மெத்தைக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தகடு அது. இருபது விநாடி மூச்சின் அசைவு தெரியவில்லை என்றால் மனைவியின் போனில் அலாரம் அடித்து ஊரையே கூட்டும். தன் கையாலேயே தொட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தான். முதல் தடவை அது அலறியபோது அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் ஒரு வாரமாகத் தினமும் நாலைந்து தடவை அலறுகிறது. ஒரு தடவைகூடப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

“இது டப்பா மெஷின். இன்னிக்கே கடையில திருப்பிக் கொடுத்துடறேன். புலி வருது புலி வருதுன்னு தினம் கத்தினா, நிஜமாவே வர்ற அன்னிக்கு எவன் எழுந்திருப்பான்?”

“ஐயோ, வேண்டாங்க!” அவள் முகம் வெளுத்தது. “திங்கட்கிழமை வரைக்குமாவது இருக்கட்டும்.”

“அதென்ன திங்கட்கிழமை?”

“சும்மாதான்” என்று அடுப்படிக்குள் நழுவினாள்.

சும்மா எதற்கு ஒருத்திக்கு முகம் வெளுக்க வேண்டும்? சாயங்காலம் டிப்போவில் கண்டக்டரிடம் புலம்பினான். கண்டக்டர் இவன் காதோரம் குனிந்தான்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மெஷின் தானா அடிக்குதா, இல்ல அண்ணி அடிக்க வைக்கிறாங்களா?”

“போடா, வாயைக் கழுவு!”

திட்டிவிட்டான். ஆனால் இரவு முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்து தொலைத்தது. முந்தாநாள் பகல் பூராவும் டிப்போவில் மீட்டிங். அன்றைக்கு மட்டும் அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று அவளே சொன்னாள். அவன் தலையைச் சாய்த்தால்தான் அடிக்கிறது. அடித்ததும் பெற்ற தாய் தொட்டிலுக்கு ஓடாமல், அவனை உலுக்க ஓடி வருகிறாள். போதாததற்குப் போனில் வேறு எதையோ அழுத்துகிறாள்.

காரணமும் இல்லாமல் இல்லை. நைட் ட்யூட்டியை விடுங்கள் என்று மூன்று மாதமாக நச்சரிப்பு. உங்க குறட்டை எட்டு வீட்டுக்குக் கேட்குது, டாக்டரைப் பாருங்க என்று இன்னொரு பாட்டு. ‘குறட்டைக்குப் போய் டாக்டரா? டிப்போவே சிரிக்கும்’ என்று அவன் தட்டிக்கழித்துவிட்டான்.

அடிப்பாவி! தூங்கவிடாமல் செய்து வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாளா? அதற்குப் பெற்ற பிள்ளையின் மூச்சை வைத்தா விளையாடுவது? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல வந்து, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தூங்குவதுபோல் நடித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். அரைக்கண்ணால் சுவரில் தொங்கிய கண்ணாடியில் பார்த்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், போனில் எதையோ அழுத்திவிட்டுப் போனாள்.

‘மாட்டினியா!’ என்று காத்திருந்தான். அரை மணி நேரம் ஆயிற்று. அலாரம் அடிக்கிற வழியைக் காணோம். பொறுமை போய், பூனை நடை நடந்து ஹாலுக்கு வந்து, தொட்டிலை ஒட்டிய திரைக்குப் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து அடுப்படி நன்றாகத் தெரிந்தது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. போன் எட்டாத அலமாரியில் கிடந்தது.

அப்போது அலாரம் அடித்தது.

அவன் அலமாரியில் அலறும் போனைப் பார்த்தான். இவள் தொடவே இல்லையே! அப்படியானால் நிஜமாகவே பிள்ளைக்கு... தொட்டிலில் குனிந்து, விரலை மூக்கருகே வைத்தான். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

அவள் நுரைக் கையோடு ஓடி வந்தாள். தொட்டிலைத் தாண்டினாள். குனிந்திருந்த அவனைக்கூடப் பார்க்காமல் தாண்டினாள். படுக்கையறைக்குள் புகுந்து, “என்னங்க! என்னங்க!” என்று வீடே அதிரக் கத்தினாள்.

பின்னாலேயே போனான். காலிக் கட்டிலில் சுருண்டு கிடந்த போர்வையை அவள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் துழாவிக்கொண்டிருந்தாள்.

“ஏய், பிள்ளை அங்க இருக்கான். இங்க எதைத் தேடுறே?”

குரல் கேட்டுத் திரும்பியவள், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் படுக்கிற பக்கத்து மெத்தையைத் தூக்கி, அந்த வெள்ளைத் தகட்டை வெளியே எடுத்தாள்.

“ராத்திரி இது தொட்டிலுக்கு. பகல்ல பாப்பாவை நான் கண்ணால பார்த்துக்கறேன். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட உங்களை இழுத்துட்டுப் போகத்தான் எல்லாத்தையும் போன்ல சேர்த்துவெச்சிருக்கேன்” என்றாள். “பாப்பா ஒரு தடவைகூட மூச்சை நிறுத்தலைங்க. இந்த ஒரு வாரமும் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தது உங்களுக்குத்தான்.”