வேண்டுதல்

"அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் போகலேன்னா வெளிநாட்டு வேலை போச்சும்மா. இந்தக் கம்ப்யூட்டர் உயிரை வாங்குது."

கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் கெட்டுவிட்டதாம். கருப்புத் திரையில் மகள் ஒவ்வொரு கமாண்டாக அடித்தாள். ஒரே மகள். செங்கல் சுமந்து காய்த்த கையைப் பிசைந்தபடி பக்கத்திலேயே நின்றாள் தாய்.

"வந்துடுமாடி?"

"இதுதான் கடைசி கமாண்டு. நல்லா வேண்டிக்கோ."

தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரை வெளிச்சமானது. கொஞ்ச நேரத்தில் விண்ணப்பமும் போய்விட்டது.

"உன் வேண்டுதல் பலிச்சிடுச்சும்மா."

தாய் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தாள். "அப்டேட் ஆகுது, அணைச்சிடாதே" என்று சொல்லிவிட்டு மகள் காலையில் குளிக்கப் போனதும் தாய் அணைத்த சுவிட்ச் அது.

"என் வேண்டுதல் என்னிக்குடி பலிச்சிருக்கு" என்று அவள் முனகியது மகள் காதில் விழவில்லை.