வீடு தேடி வந்த மை

மருதங்குளம் நாடாளுமன்றத் தொகுதியில் இந்தத் தேர்தலிலிருந்து வாக்குச்சாவடி கிடையாது. அவரவர் இதுவரை போட்ட வாக்குகளைப் பார்த்து, இயந்திரமே இந்த வாக்கையும் போட்டுவிடும். விரலில் மை வைக்க மட்டும் ஊழியர் வீடு தேடி வருவார்.

"உங்க ஓட்டு விழுந்தாச்சுக்கா. ஆறு தேர்தலா ஒரே சின்னம்! விரலை நீட்டுங்க."

சுகந்தி நீட்டவில்லை. ஆறு முறையும் சாவடி வாசல்வரை கூடவே வந்து, எந்தச் சின்னம் என்று சொல்லி அனுப்பியவர் அவள் கணவர். அவர் இறந்து எட்டு மாதமாகிறது. இம்முறை யாருக்கு என்று அவளே யோசித்து வைத்திருந்தாள்.

"மாத்த முடியாதா தம்பி?"

"உங்க பழக்கம் அதுதானேக்கா!"

சுவரில் மாலையோடு இருந்த கணவரின் படத்தை அவள் காட்டினாள்.

"என் பழக்கமில்ல. போட்டது அவருதான். மையை அவருக்கே வெச்சுட்டுப் போங்க."