தடை நீக்கம்

தினமும் கூடிப் பேசி வேலையைச் சிறு பகுதிகளாக முடிக்கும் ‘அஜைல்’ முறையை நம்பாத மென்பொருள் குழுவை அதற்குப் பழக்க வந்தவள் நஸ்ரின். காலைக் கூட்டத்தில் வேலைக்குத் தடையாக இருப்பதைச் சொன்னால், சுவரிலுள்ள திரையே அதை நீக்கிவிடும்.

“மனசு விட்டுச் சொல்லுங்க, ஜெயசீலன் சார்,” என்று அவள்தான் வற்புறுத்தினாள்.

“அப்பாவுக்கு ஞாபக மறதி. வேலை நேரத்துல அடிக்கடி போன் பண்றார்,” என்றார் அவர் தயக்கத்துடன்.

மதியத்துக்குள் திரை அனுப்பிய ஆட்கள் அவருடைய அப்பாவை வெளியூர்க் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் போன் வரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. திரை நஸ்ரினையே கேட்டது: “உங்களுக்கு என்ன தடை?”

மகளுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் மடியில் வைத்திருந்ததில் நஸ்ரினின் கண்கள் எரிந்தன. ஜெயசீலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றாள், குரல் நடுங்காமல்.