கண்டி டொக்டர் சொன்ன சொல்

"இஸ்டரேலு இல்ல வடிவு. ஸ்டெரைல். நாக்க உருட்டாம சொல்லு."

"ஸ்டெரைல்" என்றாள் சண்முகவடிவு.

"அதுதான்." தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் முத்துலிங்கம், கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். "கிருமி ஒண்ணும் இல்லாத சுத்தம்னு அர்த்தம். இந்த இடுக்கிக்குப் பேரு ஃபோர்செப்ஸ். கீழ் லயத்துல இருமிக்கிட்டு கெடக்காரே பெரியவரு, அவருக்கு வந்திருக்கிறது நிமோனியா. எழுதும்போது முன்னால ஒரு 'பி' நிக்கும். வாயில வராது."

வடிவு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சொல்லிக் கொடுப்பதையெல்லாம் ஆசையோடு திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு முதல் சொல்லோடு நின்றுவிட்டாள். அதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். பிள்ளை இல்லையே என்று சில வருஷம் பார்த்துவிட்டு, கணவன் சின்னராசா அவளைக் கண்டிக்கு அழைத்துப் போனான். பெரிய டொக்டர் இரண்டு பேரையும் சோதித்தார். பிறகு பேனாவால் அவளைக் காட்டி நர்ஸிடம் இந்தச் சொல்லைத்தான் சொன்னார். நர்ஸ் சின்னராசாவைத் தனியே கூப்பிட்டு விவரம் சொன்னாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் சொன்னான்: "ஒனக்கு ஒண்ணுமில்ல புள்ள. கொறை எங்கிட்டத்தான்."

கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். கவ்வாத்து மலையில் கூட நின்று தேயிலை வெட்டுகிறவர்கள் ஜாடை பேசிச் சிரிப்பார்கள். அவன் கத்தியைத் தீட்டுவதுபோலக் குனிந்துகொள்வான்.

வடிவு அவனைக் குத்திக்காட்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பிள்ளைமடுவம். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன கைக்குழந்தைகள் தூளியில் கிடந்து அழும்போது அவளுக்கு வேலை ஓடாது. யாரும் பார்க்காத நேரம் ஒன்றைத் தூக்கி உச்சி முகர்ந்துவிட்டு வருவாள். அந்தப் பால் வாசனை அன்று முழுக்க அவளை விடாது.

இந்த ஏக்கத்தைத்தான் அவள் அண்ணன் அழகுமுத்து பிடித்துக்கொண்டான். பட்டிப்பொலயில் அவனோடு ரயில் பாதையில் வேலை செய்யும் ஒருவன் மனைவியைப் பறிகொடுத்தவன். அவனுக்கு இவளைக் கட்டி வைப்பதாகப் பேசிவிட்டான்.

"ஒனக்குத்தான் ஒரு கொறையும் இல்லியே. ஒன் மடியிலயும் ஒண்ணு தவழ வேணாமா?" என்றான்.

சின்னராசா மட்டும், "போவாத வடிவு" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். தன் சுகத்துக்காகத் தடுக்கிறான் என்று அவளுக்கு முதல் தடவையாக மனம் கசந்தது. அண்ணனை வரச் சொல்லிவிட்டாள். இதோ, அழகுமுத்து வந்து அவர்கள் குடியிருக்கும் லயத்தில் காத்திருக்கிறான்.

"ஐயா, ஆளுங்களையும் ஸ்டெரைல்னு சொல்லுவாங்களா?"

"எதுக்குக் கேக்குற?"

"கண்டி டொக்டரு சொன்னாரு. என்னையக் காட்டி."

முத்துலிங்கம் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்தச் சொல்லை மனுஷர்களுக்குச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் லயத்துக்கு நடந்தாள்.

லயத்து வாசலில் பெட்டியோடு நின்றிருந்தான் அழகுமுத்து. சின்னராசா படியில் உட்கார்ந்திருந்தான். "வா, கொட்டகலைக்கு எறங்குனாத்தான் ரயிலப் புடிக்கலாம்."

"நான் வரலண்ணே."

"இந்த மலட்டுப் பயலோட இன்னும் எத்தன காலத்துக்குக் கெடந்து மாயப் போற?"

"அவரை அப்படிச் சொல்லாதண்ணே. மலடி நாந்தான். டொக்டரு அன்னிக்கு அதைத்தான் சொல்லியிருக்காரு."

அழகுமுத்து திகைத்துப்போய்ச் சின்னராசாவைப் பார்த்தான். சின்னராசா முகத்தில் திகைப்பு எதுவும் இல்லை.

"ஒங்கிட்ட யாரு சொன்னா வடிவு?" என்றான் அவன். "ஒன் காதுல மட்டும் போட்டுறாதீங்கன்னு அந்த நர்ஸம்மா கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டேனே."