சாம்பல் நிறப் பட்டன்

"அதை அழுத்தாத. போன வாட்டியும் அதைத்தான் அழுத்தினோம். மறுபடி முதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுருச்சு."

ரிக்கார்ட் சொன்னதும் மாலின் சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மடிக்கணினியில் வீட்டு வாடகை நிறுவனத்தின் பக்கம் திறந்திருந்தது. 'ஒப்பந்தத்தை ரத்துசெய்யவா?' என்று கேள்வி. கீழே பெரிதாக, பச்சையாக 'ரத்து'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய வெளிறிய சாம்பல் நிறத்தில் 'தொடர்க'.

"ரத்துன்னா எதை ரத்து? வீட்டையா, இல்ல நாம ரத்து பண்றதையா?" என்றாள் மாலின்.

"தொடர்கன்னா மட்டும் என்னவாம்? இங்கயே குடியிருங்கன்னு சொல்றானா?"

"சாம்பலை அழுத்திப் பாக்கவா?"

"வேணாம். என்ன ஆகும்னு தெரியாம அழுத்தக் கூடாது."

"அதுவும் சரிதான்."

பிரிவது என்று வசந்தத்திலேயே முடிவாகிவிட்டது. இப்போது சண்டைகூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. ரிக்கார்ட் பக்கத்து ஊரான பூரோஸில் தம்பி வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறான். மிச்சம் இருப்பது இந்த வீடுதான். கோத்தன்பர்க் நகரில் சொந்தப் பெயரில் வாடகை வீடு லேசில் கிடைக்காது. வருடக்கணக்காக வரிசையில் காத்திருந்து வாங்கியது, விட்டால் விட்டதுதான். ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருப்பதால், ஒருவர் அழுத்தியதும் மற்றவர் உடனே உறுதிசெய்ய வேண்டும். மாதக் கடைசியைத் தவறவிட்டால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். கோடையிலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவன் ரயிலேறி வருகிறான். இருவரும் இந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோகிறார்கள்.

"எந்த மகராசி இதைச் செஞ்சாளோ," என்றான் ரிக்கார்ட்.

"ஏன், மகராசனா இருக்கக் கூடாதா?"

"ஆம்பளைக்கு இவ்வளவு பொறுமை ஏது?"

"கையில கெடச்சா என்ன பண்ணுவ?"

"காபி போட்டுக் குடுப்பேன்." எழுந்து போய் நிஜமாகவே காபி போட்டான்.

"அவங்களுக்கே போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றாள் மாலின்.

"நாலு மணிக்கே மூடிருவாங்க."

"நீ கொஞ்சம் முன்னாடி ரயிலைப் புடிக்கலாம்ல?"

"புடிக்கலாம். எங்க, வேலை விட மாட்டேங்குது."

இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துப் பாதியை அவன் தட்டில் வைத்தாள். வெளியே அக்டோபர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது திரை வெளுத்திருந்தது. வெகுநேரம் எதுவும் செய்யாததால் பக்கம் தானாக மூடிக்கொண்டுவிட்டது.

"போச்சு," என்றாள் மாலின். "மறுபடி முதல்லேருந்து வரணும்."

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"அப்ப அடுத்த மாசம் பாத்துக்கலாம். உன் தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

"சோபாவை விக்கப் போறேங்கறான்."

மாலின் சிரித்தேவிட்டாள். சிரித்த முகத்தை மறைத்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போனாள்.

பாலை உள்ளே வைக்கப் போன ரிக்கார்ட், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் முன் சற்று நின்றான். காந்தம் வைத்து ஒட்டிய புகைப்படத்தின் ஒரு முனை மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டான். மாலினும் அவள் அலுவலகத் தோழிகளும் கேக் வெட்டும் படம். கேக்கின் மேல் பெரிதாக ஒரு பச்சைப் பட்டன், அதில் 'ரத்து' என்ற எழுத்து. அந்த வாடகை நிறுவனத்துக்கு இதே பக்கத்தை மாலின் வடிவமைத்துக் கொடுத்த நாள் அது.

படத்தை எடுத்தவன் ரிக்கார்ட். அதற்கு முந்தின வாரம், இதே மேஜையில் உட்கார்ந்து, அவள் சொல்லிக்கொடுக்காமலே சாம்பல் நிறப் பட்டனை முதல் தடவையிலேயே சரியாக அழுத்தி அவளுக்குச் சோதித்துக் கொடுத்தவனும் அவன்தான்.