பிள்ளைக்காரிக்குப் பேர் இல்லை

இரவு மழையில் ரப்பர் மரங்கள் நனைந்துவிட்டதால் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் இன்று பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பெரட்டு தாமதமாக எட்டு மணிக்கு நடக்கிறது. இலைகள் சொட்டுகின்றன. நாகையா கங்காணி பால் வெட்ட ஆள் பொறுக்குகிறார். ரப்பர் விலை விழுந்த பிறகு பாதிப் பேருக்குத்தான் வேலை. கைப்பிள்ளைக்காரிகளுக்கு அதுவும் கிடையாது. பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்கிறாள் என்று பவுனம்மாள் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படி ஒருத்தி இல்லை. நேற்றுவரை பார்த்துக்கொண்ட ஏழு வயது மூத்தவள் இன்று புதுச் சிலேட்டோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள். பவுனம்மாள் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தி, பிள்ளையை ஏணையில் தனியே தூங்கவிட்டு வந்திருக்கிறாள்.

“ஒன் மாமியார நான் கண்டதே இல்லியே. வெயிலு படாத மகராணியா?” என்கிறார் கங்காணி. சிலர் சிரிக்கிறார்கள்.

“முடியாத மனுசிங்க. வெளிய வராது.”

அப்போது லயத்திலிருந்து அழுகை கேட்கிறது. மெல்லத் தொடங்கி, மூச்சுப் பிடித்து, வீறிடுகிறது. பால் கசிந்து பவுனம்மாளின் ரவிக்கை நனைகிறது. பால் வாளியை மார்போடு அணைத்துக்கொள்கிறாள், தகரம் சில்லென்றிருக்கிறது.

“யாரு பிள்ள அது?” என்று கேட்கிறார் கங்காணி.

பெண்கள் லயத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பவுனம்மாளும் திரும்பிப் பார்க்கிறாள், யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல.