ராஜா கதை

“ராஜா கதைப்பா. சாமி கீமி ஒண்ணும் கிடையாது.”

அவள் இதை வாயால் சொல்லவில்லை, விரல்களால் சொன்னாள். கொதிகலன் பட்டறையில் முப்பது வருடம் ரிவிட் அடித்ததில் அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. அதன்பின் அப்பாவும் மகளும் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். தலைக்கு மேல் கிரீடம்போல் விரலை விரித்தால் ராஜா. நெற்றிக்கு நேரே கை குவித்தால் சாமி.

“ராஜான்னா சரி,” என்றார் அப்பா. தன் குரல் தனக்கே கேட்காதவரின் உரத்த பேச்சு. நாடக அரங்கின் முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சொன்னது பொய். நடக்கப்போவது அவள் புகுந்த வீட்டாரின் சாமி கதை. சாமியே ஒரு ஏழைத் தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்து, வளர்ந்து, அவளை விட்டுப் போகிற இசை நாடகம். மேடை ஓரத்தில் இருந்த பெரிய முரசு அவள் கணவனுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணப் பேச்சில் அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். “பொண்ணைக் குடுக்கறேன். ஆனா உங்க சாமி பேரைச் சொல்ற எந்த வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்.”  அன்று முதல் “வாங்க”, “சாப்பிட்டீங்களா” தவிர அவருக்கும் மாப்பிள்ளைக்கும் வேறு பேச்சு நடந்து அவள் பார்த்ததில்லை.

கணவன் முரசடிப்பதை அப்பா ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பொய் அங்கேதான் முளைத்தது. திட்டத்தைச் சொன்னபோது கணவன் “உன் இஷ்டம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, முரசின் வாரை இறுக்குவதற்குக் குனிந்துகொண்டான்.

திரை விலகியது. பாட்டில் ‘தெய்வமே’ என்று வந்த இடத்திலெல்லாம் அவள் விரல்கள் கிரீடம் வைத்தன.

“ராஜா ஏம்மா குடிசையில இருக்கார்?” அரங்கம் முழுக்கக் கேட்டது.

“மாறுவேஷம்பா,” என்று அவசரமாகக் கையை ஆட்டினாள். அப்பா தலையாட்டிக்கொண்டார்.

முரசு முழங்கியது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைப் பலகைத் தரையில் அழுத்தி வைத்தார். காதுக்கு எட்டாத முழக்கம் காலுக்கு எட்டியது. அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. ஓரடிகூடப் பிசகவில்லை.

பிள்ளை புறப்படும் காட்சி. தாய் இன்னும் வாசலுக்கு வரவில்லை. அதற்குள் அப்பா கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வியர்வை துடைக்க என்று நினைத்தாள். தாய் வந்து பாடத் தொடங்கியதும் அது கண்ணுக்குப் போனது.

கடைசியில் அரங்கமே எழுந்து நின்று வழிபாட்டுப் பாடலைப் பாடியது. “கைதட்ட எழுந்திருக்காங்கப்பா,” என்று சைகை காட்டினாள். அப்பாவும் எழுந்தார். கைதட்டவில்லை. கண்ணை மூடி, தலை குனிந்து நின்றார்.

 காது கேட்காத மனுஷனை ஏமாற்றி, அவர் வேண்டாமென்ற சாமி முன்னாலேயே நிறுத்தியாகிவிட்டது. பெற்ற தகப்பனுக்குச் செய்கிற காரியமா இது? மேடையிலிருந்து கணவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை அவர் முகத்தைப் பார்க்காமலே நடந்தாள்.

“நல்ல ராஜா,” என்றார் அப்பா.

அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் எதிரே வந்து நின்று நெற்றிக்கு நேரே கை குவித்தாள்.

“ராஜா இல்லப்பா, அவங்க சாமி. பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சிடுங்கப்பா.” 

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். அப்பாவோ, பிடிபட்ட பள்ளிப்பிள்ளைபோல் தரையைப் பார்த்தார்.

“தப்பு என் மேலதாம்மா. மிதிக்க மாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னவன் நான். அதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்கிட்ட மாத்திச் சொல்றது? அதான், உன் காதுல போடக்கூடாதுன்னு மாப்பிள்ளைகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

எதை என்று அவள் கையை விரித்தாள்.

நிறுத்தத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பா தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு இது நாலாவது தடவை.”